மூன்றாவது நாற்காலி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூவரும் நலம். என் காது மட்டும் அந்தக் கணக்கில் சேராது. சின்ன வயதில் குளிர்ந்த கடலில் கிடந்து கிடந்து காதுக்குள் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். மிச்சம் மீதியைப் பட்டறையில் அலைச்சறுக்குப் பலகை தேய்க்கிற இயந்திரம் பார்த்துக்கொண்டது. டாக்டர் சொன்னதை வாலுதான் எனக்குக் கத்திச் சொன்னாள். இப்போது தெருவுக்கே என் காது விவரம் தெரியும். போனில் நீ என்ன சொன்னாலும் நான் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருப்பேன், அதனால்தான் கடிதம். இதில் யாரும் கத்த வேண்டியதில்லை.

நல்ல சேதி இருக்கிறது. என் மகள், அதாவது உன் மருமகள் வாலு, ஏப்ரலில் உங்கள் ஊர்க் கடற்கரையில் நடக்கப்போகும் தேர்வுப் போட்டிக்கு வருகிறாள். பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவு. முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் உலக இளையோர் அலைச்சறுக்குப் போட்டிக்குப் போவார்கள். போகிறவர்களுக்கு உங்கள் ஊர்ப் பயிற்சி மையத்திலேயே மூன்று வருடம் தங்கிப் படிக்க இடமும் உண்டு. பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாலு குதித்த குதியில் கஞ்சி மாதிரி கலக்கி வைத்திருந்த ரெசின் பசை டப்பா கவிழ்ந்து என் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாத நிலை. அவளுக்கு வயது தாண்டிவிடும். அது போக, இங்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டுகிறார்கள். சுவர் முடிந்தால் நம் கரையில் அலை உடையாது, குளம்தான். கல் ஏற்றிப் போகிற லாரியை ஓட்டுவது யார் என்று நினைக்கிறாய்? வாலுவின் அப்பாதான். வேறு வேலை கிடைக்கவில்லை. காலையில் அவள் அலையில் நிற்கும்போது அவர் கல்லைக் கொட்டுகிறார். சாயங்காலம் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள்.

ஆகவே இது அவளுக்கு ஒரே வாய்ப்பு. என் பட்டறையில் அவள் கையில் உப்புத்தாள் ஏறக்கூடாது. எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

உன் மனைவியின் முதுகுவலி எப்படி? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அன்புடன்
அக்கா


ஜனவரி 30

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் சிரிப்புதான். அந்தச் செருப்பைப் பிடுங்காதே, நான் வந்து பார்க்க வேண்டும். இங்கே இருவரும் சுகம். முதுகுவலி இப்போது கழுத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

வாலு வருகிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அதோடு இன்னொரு சேதி. அந்தப் போட்டிக்கு நானும் ஒரு நடுவர். பத்து வருடமாக மேடையின் ஓரத்தில், கொடிக்கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பாதி அலையைப் பார்த்து மதிப்பெண் போட்டவன் நான். இந்த முறை நடு நாற்காலி, ஐந்தில் மூன்றாவது. அலை உடைகிற இடம் நேர் எதிரே. இதற்குமேல் நல்ல இடம் அந்த மேடையில் கிடையாது.

வேலை எப்படி என்று நீ கேட்பாய். ஒவ்வொரு அலைக்கும் ஐந்து பேரும் தனித்தனியாகப் பத்துக்கு இவ்வளவு என்று போடுவோம். அதில் கூடுதலான ஒன்றும் குறைவான ஒன்றும் கழிந்துவிடும். மிச்சம் மூன்றின் சராசரிதான் அந்த அலைக்கு. ஒரு பிள்ளையின் சிறந்த இரண்டு அலையைக் கூட்டி இடம் சொல்வார்கள். யாரும் யாரையும் தூக்கிவிடவும் முடியாது, அமுக்கவும் முடியாது.

கடைசி நாள் உலக அமைப்பிலிருந்து ஒரு பார்வையாளர் வருகிறார். உலகப் போட்டிக்கு இங்கிருந்து ஒரே ஒரு நடுவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். அக்கா, இத்தனை வருடம் காத்திருந்து வருகிற சந்தர்ப்பம். நடுவர்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். போட்டியாளர்களில் உறவினர் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்றால் அந்தப் பிரிவில் உட்கார விடமாட்டார்கள். கடைசி நாள் முழுக்கப் பெண்கள் பிரிவுதான். நான் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். குடும்பப் பெயர் வேறு, ஊர் வேறு, யாருக்கும் தெரியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். போட்டி முடிகிறவரை வாலு என்னிடம் வந்து பேச வேண்டாம். மாமா என்று கூப்பிடவே வேண்டாம். நீயும் வீட்டுக்கு வராமல் விடுதியில் தங்கிவிடு. முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம்.

இங்கே தண்ணீர் உங்கள் கடலைவிடக் குளிர்ச்சி. கால் வழுக்காமலிருக்கக் குளிர் நீருக்கான மெழுகைப் பலகையில் பூசிக் கொண்டு வரச் சொல்.

காதைக் கவனி.

உன் தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது புரியாததால் இல்லை.

சரி. பேச மாட்டாள். வாலுவிடம் சொன்னபோது, "அப்ப மாமாவ எப்படிம்மா கூப்பிடறது, சார்னா?" என்று கேட்டாள். கூப்பிடவே வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பரவால்லம்மா. அங்க அஞ்சு பேர் உக்காந்திருப்பாங்க, அதுல ஒருத்தருக்காவது என்னைத் தெரியும்ல. அது போதும்" என்றாள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச வருத்தமும் போய்விட்டது. பொய் எழுதிக் கொடுத்திருக்க வேண்டாம் என்று மட்டும் தோன்றுகிறது. உனக்குத் தெரியாததா.

நம் இருவருக்கும் ஒரே பலகை இருந்த காலம் உனக்கு நினைவிருக்கிறதா? ஆளுக்கு மூன்று அலை. மூன்றாவது முடிந்ததும் அலையில் நின்றபடியே கரையைப் பார்த்து உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டுவோம். என் முறை முடிந்தது, பலகை உனக்கு, நீ வா என்று அர்த்தம். நான் பல நாள் இரண்டாவது அலையிலேயே தட்டிவிடுவேன். நீ கரையில் நடுங்கிக்கொண்டு நிற்பது பார்க்கப் பாவமாக இருக்கும். பிறகு ஒருநாள் அப்பா, "பலகை தம்பிக்கு, நீ பொட்டப்புள்ள, போதும்" என்றார். நான் அதற்கும் தட்டிவிட்டு வந்தேன். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. வாலுவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். குளியலறையிலிருந்து வெளியே வரும்போது தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் வருவாள், அடுத்த ஆள் போகலாம் என்று. அவள் அப்பா தினமும் சிரிப்பார்.

ஏப்ரல் பத்தாம் தேதி வருகிறோம். பேருந்து நிலையத்துக்கு வராதே. நீ வரமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

கழுத்துக்கும் வெந்நீர்தான்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. வாலுவுக்கு மட்டும் சளி.

மூன்றாவது இடம். இரண்டாவது வந்த பெண்ணுக்குப் பன்னிரண்டு புள்ளி முப்பது, இவளுக்குப் பன்னிரண்டு புள்ளி பத்து. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், எனக்குத்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை. முதல் இரண்டு சுற்றிலும் இவள்தான் முதலிடம். இறுதிச் சுற்றில் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெரிய அலையை எடுத்தாள், ஞாபகம் இருக்கும். கரையில் நின்றவர்களெல்லாம் கை தட்டினார்கள். எனக்குக் கேட்கவில்லை, கைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கி ஏதோ சொன்னாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

இவ்வளவு தூரம் வந்து உன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த அலை முடிகிற நேரம் மேடையை நிமிர்ந்து பார்த்தேன், நீ குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய், உன் வழுக்கைதான் தெரிந்தது. எப்போது இவ்வளவு முடி கொட்டியது?

முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுவோம் என்று எழுதியிருந்தாய். மேடைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றோம். நீங்களெல்லாம் அந்தப் பார்வையாளருடன் வேனில் போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். உனக்கு அலுவல் இருந்திருக்கும். உன் மனைவிக்கு என்று கொண்டு வந்ததைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

 வீட்டுக்கு வந்ததும் வாலு பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தாள். இன்னும் தொடவில்லை.

சுகத்துக்கு எழுது.

அக்கா


மே 26

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். வேலை தலைக்குமேல். இங்கே இருவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டிருக்கிறது.

வாலுவுக்கு ஆறுதல் சொல். விளையாட்டு என்றால் இப்படித்தான். புள்ளி இருபதில் போவது கொடுமை, ஆனால் அவள் வயதில் எத்தனையோ பேர் இப்படித் தோற்றுப் பிறகு மேலே வந்திருக்கிறார்கள். பெரியவர்கள் பிரிவில் முயற்சி செய்யலாம். நடுவர்கள் வேலையும் லேசானது அல்ல. பெற்றவர்களுக்குத் தன் பிள்ளைதான் தெரியும், நாங்கள் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்.

அன்று உங்களைச் சந்திக்க முடியாமல் போனதற்கு வருந்துகிறேன். நிலைமை அப்படி.

இன்னொன்று. வேறு யார் மூலமாகவும் தெரியவருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உலகப் போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். செப்டம்பரில் போகிறேன். வாலுவுக்கு அங்கிருந்து ஒரு சட்டை வாங்கி வருகிறேன், அளவு எழுது.

உன் தம்பி


ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

வாழ்த்துகள். சுகமாக இரு.

போட்டிக் குழுவிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் தாள் தபாலில் வந்திருக்கிறது. நடுவர்களின் பெயர் இல்லை. ஒன்று முதல் ஐந்து வரை எண் மட்டும் போட்டிருக்கிறது. நான் படித்தவள் இல்லை, ஆனால் பலகையில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு உண்டு.

வாலுவின் கடைசி அலைக்கு முதலாம் நடுவர் ஆறரை, இரண்டாமவர் ஆறு புள்ளி மூன்று, நான்காமவர் ஆறு புள்ளி நான்கு. ஐந்தாமவர் நான்கு புள்ளி எட்டு. அவர் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவராக இருக்கும், பாவம், பாதி அலைதானே தெரியும். மூன்றாமவர் ஐந்து.

ஆறரையும் நான்கு புள்ளி எட்டும் கழிந்துபோக, அந்த ஐந்து உள்ளே நின்றுவிட்டது. மற்ற இருவர் போட்டதில் ஒன்றை அவரும் போட்டிருந்தால் வாலு இரண்டாவது. தாளின் பின்பக்கத்தில் மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மற்றவர்களைப் போலவே போட்ட மூன்றாமவர், வாலுவின் ஒவ்வொரு அலைக்கும், முதல் சுற்றிலிருந்தே, ஒன்று ஒன்றரை குறைத்துப் போட்டிருக்கிறார். அதெல்லாம் குறைவானது என்று கழிந்துபோனதால் வெளியே தெரியவில்லை. கடைசி அலையில் மட்டும் கழியவில்லை.

மூன்றாம் நடுவர் யார் தம்பி? அவருக்கு என் மகளிடம் என்ன கோபம்?

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

சுகம், நீயும் சுகமாக இருப்பாய்.

நடுவர்களின் எண்ணை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. நாற்காலி வரிசையும் தாளில் உள்ள வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பெற்றவர்கள் துப்புத் துலக்க ஆரம்பித்தால் போட்டியே நடத்த முடியாது. நடந்தது நடந்துவிட்டது. வாலுவின் மனதில் விஷம் ஏற்றாதே. நீ தாளைப் போட்டிக் குழுவுக்கு அனுப்பிக் கேள்வி கேட்டால் எனக்குத்தான் பிரச்சினை வரும், யோசித்துச் செய்.

சட்டையின் அளவு எழுதவில்லையே.

உன் தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

உன் பதிலை நான்கே நாளில் எழுதிவிட்டாய். போன கடிதத்துக்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டாய். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மீதி பாதி உன் ஜனவரி மாதத்துக் கடிதத்தில் இருக்கிறது. பட்டறை அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். "இந்த முறை நடு நாற்காலி, ஐந்தில் மூன்றாவது" என்று நீ எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்று என் தம்பிக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னேன்.

நான் கேட்டது தெரியாமல் இல்லை. நீயே சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

நான் யாருக்கும் தாள் அனுப்பப் போவதில்லை. பயப்படாதே, உன் பெட்டியைக் கட்டிக்கொள். ஆனால் என் வயிறு எரிகிறது. கூடுதலாகப் போடு என்று உன்னிடம் நான் கேட்டேனா? அவள் கேட்டாளா? கண்ணால் கண்டதைப் போடக்கூட உனக்கு மனம் வரவில்லை. அந்நியர்கள் மூன்று பேர் அவளுக்கு ஆறு போட்டார்கள். தாய்மாமன் ஐந்து போட்டாய்.

ஏன் என்று எழுது. பொய் வேண்டாம். உடம்பு சுகம், மழை என்றெல்லாமும் வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

பல முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆமாம், மூன்றாவது நான்தான்.

என்றைக்காவது ஒருநாள் நம் உறவு வெளியே தெரிந்தால், இவன் மருமகளுக்குத் தூக்கிப் போட்டான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அந்தப் பயம் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிய நாளிலிருந்தே இருந்தது. அதனால் அவளுக்கு மட்டும் எப்போதும் மற்றவர்களைவிடக் குறைவாகப் போடுவது என்று முடிவு செய்தேன். குறைவானது எப்படியும் கழிந்துவிடும். அவளுக்கு நஷ்டம் இல்லை, எனக்கும் கெட்ட பெயர் இல்லை. எல்லாச் சுற்றிலும் அப்படித்தான் நடந்தது. என் எண் கழிந்தது, அவள் ஜெயித்துக்கொண்டே வந்தாள். நான் மனதுக்குள் கை தட்டினேன் அக்கா, சத்தியமாக.

கொடிக்கம்பத்தின் பின்னால் இருந்தவர் என்னைவிடக் குறைவாகப் போடுவார் என்று நினைக்கவில்லை. பத்து வருடம் அதே இடத்தில் உட்கார்ந்த எனக்கே அது தோன்றவில்லை. மதிப்பெண் அறிவித்ததும் நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பார்வையாளர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு அவர் என்னிடம், "நீங்கதான் கொஞ்சமும் தயவு காட்டாம போடறீங்க" என்று சொல்லிக் கை குலுக்கினார். அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார். இதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒன்றை மட்டும் நம்பு. எழுதிய எண்தான் பொய். அவளுடைய ஒவ்வொரு அலையையும் நான் கண் கொட்டாமல் பார்த்தேன். அந்தக் கடைசி அலை ஆறு புள்ளி மூன்றுக்குக் குறையாது என்று எனக்குத் தெரியும். அவளைப் போல அந்தக் கரையில் அன்று யாரும் இல்லை.

விலகிக்கொள்ள வேண்டும் என்று நீ சொன்னால் உலகப் போட்டியிலிருந்து விலகிவிடுகிறேன். வாலுவிடம் என்ன சொல்வது என்று நீயே முடிவு செய்.

தம்பி


ஆகஸ்ட் 17

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுகிறேன். அத்தையும் நீங்களும் நலமா? அம்மாவுக்கு இடது காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. அப்பா சுகம். சுவர் முக்கால்வாசி வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தை அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார்கள். படித்துவிட்டு அழுதேன். அப்புறம் நான்கு நாள் கோபமாக இருந்தேன். உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன், நல்ல வேளை, அதை அனுப்பவில்லை. நீங்கள் விலக வேண்டாம். நீங்கள் விலகினால் எனக்கு இடம் கிடைத்துவிடுமா என்ன?

நீங்கள் கண் கொட்டாமல் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அன்று தண்ணீரில் கிடந்தபோது மேடையில் ஒருத்தருக்கு என்னைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். குளிர்கூடத் தெரியவில்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கடைசி அலையின் முடிவில் நான் என்ன செய்தேன் மாமா? வீடியோ இல்லை, கேமராக்காரர் சாப்பிடப் போய்விட்டாராம். அதை மட்டும் எழுதுங்கள். எண்ணெல்லாம் போகட்டும். நீங்கள் பார்த்தீர்கள் என்றால் எனக்குப் போதும். நான் மறுபடி பலகையை எடுத்துவிடுவேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு உங்கள்
வாலு


செப்டம்பர் 6

அன்புச் செல்லத்துக்கு,

மாமா எழுதுகிறேன். உலகப் போட்டி நடக்கும் ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். விடுதி ஜன்னலைத் திறந்தால் கடல். அலை ஒவ்வொன்றும் நம் வீட்டு உயரம். நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உனக்கு எவ்வளவு பெரிய மனசு! கேட்டாயே, எப்படி மறப்பேன்? இப்போதும் கண் முன்னால் நிற்கிறது. அலை கரையை நெருங்கி மூடப்போகிற நேரத்தில் நீ பலகையை அதன் உச்சிக்கு ஏற்றி ஒரே வெட்டாக வெட்டித் திருப்பினாய். தண்ணீர் விசிறி போல எழும்பியது. விழாமல் சுத்தமாக இறங்கி முடித்தாய். பெரியவர்கள் பிரிவில்கூட அப்படி ஒரு முடிவைப் பார்ப்பது அபூர்வம். என் பக்கத்தில் இருந்தவரே வாயைப் பிளந்தார்.

பலகையை எடு கண்ணு. உனக்கு எதிர்காலம் இருக்கிறது. சட்டை வாங்கிவிட்டேன், நடுத்தர அளவு. அம்மாவைக் காதுக்கு நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்.

அன்பு
மாமா


செப்டம்பர் 25

தம்பிக்கு,

கடிதமும் சட்டையும் வந்தன. சட்டை சரியான அளவுதான்.

அந்த அலையின் முடிவில் வெட்டும் இல்லை, திருப்பமும் இல்லை. கரைக்கு வரும் முன்பே அலை செத்துவிட்டது. அவள் பலகையில் சும்மா நிமிர்ந்து நின்று, மேடையைப் பார்த்து, உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டினாள்.

கரையில் நின்றவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. ஏதோ தலையில் பூச்சி என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் புரிந்தது. அந்த ஊரில் அது புரிந்திருக்க வேண்டிய ஆள் இன்னும் ஒருத்தன்தான். அதனால்தான் உடனே மேடையை நிமிர்ந்து பார்த்தேன், நீ சிரிப்பாய் என்று. உன் வழுக்கை தெரிந்தது. அலை முடிவதற்கு முன்பே ஐந்தை எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருந்தாய். எண்ணை முதலிலேயே முடிவு செய்துவிட்டவனுக்கு அலையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

அன்று விடுதிக்குத் திரும்பும்போது அவளிடம் கேட்டேன், ஏன்டி அப்படிச் செய்தாய் என்று. "பேசக் கூடாதுன்னுதானம்மா சொன்னாரு. தட்டக் கூடாதுன்னு சொல்லலையே. இந்த அலை மாமாவுக்குன்னு சொன்னேன்" என்றாள்.

நீ ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தால் அதையும் தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். நீ ஒரு அலையையே கட்டி அனுப்பினாய், விசிறியும் வெட்டும் வைத்து.

உன் கடிதத்தை என் எதிரில்தான் படித்தாள். என்னைப் போல இரண்டு முறை படிக்கவில்லை. மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "மாமா பாக்கலம்மா" என்றாள். இந்த முறை கத்தவில்லை. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

போன வாரம் சுவர் முடிந்தது. கடைசிக் கல்லை அவள் அப்பாதான் கொண்டுபோய்ப் போட்டார். இப்போது கரையில் தண்ணீர் வாளியில் இருப்பது போல இருக்கிறது.

இன்று காலை நான் ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாலு வந்து பக்கத்தில் நின்றாள். ஆணியில் தொங்கிய இன்னொரு தூசி முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்த உப்புத்தாளைக் காட்டி, தலையில் இரண்டு தட்டு தட்டச் சொல்லிச் சைகை செய்தாள்.

நான் தட்டினேன்.

அக்கா